நாற்பத்தெட்டு நிமிடம் பிந்திய வீடு

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருப்பவருக்கு நண்பர்கள் குறைவு. வண்டி கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பவரை யாருக்குத்தான் பிடிக்கும்? அதிலும் இவர் ஒரு படி மேல். ஒரு நிமிடம் பிந்தினாலும் பதிவேட்டில் சிவப்பு மை விழும். கெஞ்சினால் கேட்டுக்கொள்வார், கேட்டுக்கொண்டே எழுதுவார். டிரைவர் ஒருவன் தினமும் இரண்டு நிமிடம் பிந்தி வந்தான். இவரும் தினமும் ‘2’ என்று எழுதினார். கடைசியில் அவனுக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனுடைய மாமியார்கூட அப்படித்தான் கூப்பிட்டாள் என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் வீடு கட்டப்போகிறார், அதுவும் அடுப்பும் ஹீட்டரும் இல்லாமல் வெறும் வெயிலை வைத்தே கதகதப்பாக இருக்கப்போகிற வீடு என்றதும் டிப்போவுக்குப் பேச விஷயம் கிடைத்தது.

“ஏன் சார், மேகம் மூடி வெயில் லேட்டா வந்தா சூரியனுக்கும் சிவப்பு மை போடுவீங்களா?” என்று கேட்டான் ரெண்டு நிமிஷம்.

“அது உன்னை மாதிரி இல்ல. அது நேரத்துக்கு வரும்” என்றார் டைம்கீப்பர், தலையை நிமிர்த்தாமல்.

ஆசைக்காகக் கட்டிய வீடில்லை அது. மகளுக்கு ஒன்பது வயது. குளிர்காலம் பிறந்தால் அவளுக்கு மூச்சிழுப்பும் கூடவே பிறக்கும். வாடகை வீட்டில் இருந்தது கரியடுப்பு ஒன்றுதான். அதை மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர், இரண்டுமே அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. நான்கு மாதம் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். அதைப் பார்த்துக்கொண்டு எட்டுக் குளிர்காலம் கழித்த பிறகுதான், ஊருக்கு வெளியே இருந்த சின்ன மனையில் இப்படி ஒரு வீடு கட்டலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பாள். வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் பெண் வேறு ஊரில் இருந்தாள். இரண்டு முறை நேரில் வந்து மேசையில் காகிதத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். தெற்குச் சுவரில் முக்கால்வாசி கண்ணாடி. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும்; அப்போது வெயில் கண்ணாடி வழியாக வீட்டின் கடைசிச் சுவர் வரைக்கும் வந்து கருங்கல் தரையில் விழும். தரை பகல் முழுக்க அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறிவிடுவதால், நீட்டி வைத்த கூரை விளிம்பே கண்ணாடிக்கு நிழலாகிவிடும். வாங்கிய சூடு வெளியே ஓடாமல் இருக்க, சுவரைச் சுற்றி ஒரு சாண் தடிமனுக்குக் காப்புப் பலகை.

“லைனிங் குடுத்த கோட்டு மாதிரி” என்றாள் தையல்காரி.

“அக்கா, நாலு வருஷம் படிச்சு நான் கத்துக்கிட்டதை ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க” என்று சிரித்தாள் இன்ஜினியர் பெண். பிறகு சிரிப்பை நிறுத்தி ஒன்று சொன்னாள். மனைக்குக் கிழக்கே மூன்று மாடிக் கிடங்கு ஒன்று நின்றது. குளிர்காலத்தில் காலை பத்தரை மணி வரை அதன் நிழல் மனையின் மேல் கிடக்கும். ஆகவே இந்த வீட்டுக்குப் பிற்பகல் வெயில்தான் சோறு. வீடு சரியாகத் தெற்கே பார்க்க வேண்டும். கிழக்கே திரும்பவே கூடாது.

தெற்கைக் கண்டுபிடிக்கும் வழியையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சமமான பலகை ஒன்றின் மேல் இரண்டடிக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை, கால் மணிக்கு ஒரு முறை, நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். எந்தப் புள்ளி குச்சிக்கு மிகக் கிட்டே இருக்கிறதோ, அதையும் குச்சியையும் சேர்க்கிற கோடுதான் தெற்கு வடக்கு.

டைம்கீப்பர் அதைப் படித்துவிட்டு மடித்து மனைவியிடம் கொடுத்தார். “நாலு மணி நேரம் எதுக்குக் காவல் காக்கணும்? நிழல் குட்டையா இருக்கிறது உச்சியில. உச்சிங்கிறது பன்னெண்டு மணி. பன்னெண்டுக்கு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது.”

சொன்னபடியே செய்தார். காலையில் வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் மணியோசைக்குக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, மனையில் பலகை போட்டுக் குச்சி நட்டு, பன்னிரண்டு அடிக்கிற வினாடியில் கோடு கிழித்தார்.

கொத்தனார் தன் கைப்பேசியில் திசை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “சார், போன் வேற பக்கம்ல காட்டுது.”

“பக்கத்துல ஒரு வண்டி இரும்புக் கம்பி கிடக்கு. உங்க போன் அந்தப் பக்கம் சாயும். என் வாட்ச் எந்தப் பக்கமும் சாயாது.”

“அதுவும் சரிதான். உங்க வாட்சுக்கு மேல நான் என்னத்தைப் பேச” என்று கொத்தனார் முளை அடித்தார். தோண்டுகிற எந்திரம் வந்தது. ஒரே நாளில் அஸ்திவாரப் பள்ளத்தைப் பறித்துப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் லாரி வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் புதன்கிழமை. கம்பிக்குக் காவலாக யாராவது இருக்க வேண்டும் என்பதால் தையல்காரி மனைக்குப் போனாள். கையால் பொத்தான் காஜா எடுக்க வேண்டிய சட்டைகள் ஒரு மூட்டை கூடவே போயின. பலகையும் குச்சியும் அப்படியே நின்றன. அந்தக் காகிதம் அவள் பையில்தான் இருந்தது. புருஷன் மேல் அவளுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. ஆனால் அளவு எழுதிக் கொடுத்திருக்கும்போது கண்மதிப்பில் துணியை வெட்டும் பழக்கமும் அவளுக்கு இல்லை. வேலையோடு வேலையாக இருக்கட்டும் என்று பத்தே முக்காலுக்கு, கிடங்கின் நிழல் விலகியதும், சாக்கட்டியை எடுத்து முதல் புள்ளி வைத்தாள். இரண்டு காஜாவுக்கு ஒரு புள்ளி. பக்கத்திலேயே நேரத்தையும் பொடி எழுத்தில் எழுதினாள்.

பன்னிரண்டுக்கு நிழலின் நுனி அவர் கிழித்த கோட்டின் மேல் வந்து நின்றது. என்ன சுத்தமான ஆள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். டேப்பை வைத்தாள். இருபத்தொன்பதேகால் அங்குலம்.

பன்னிரண்டே காலுக்கு நிழல் கோட்டைத் தாண்டி நகர்ந்திருந்தது. நகரட்டும். ஆனால் நீளம் குறைந்திருந்தது. பன்னிரண்டரைக்கு இன்னும் குறைந்தது. அவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுப் பலகையின் பக்கத்தில் மண்டியிட்டாள். அதன் பிறகு காஜா நகரவில்லை. பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு நிழல் இருபத்தெட்டு அங்குலம். ஒரு மணிக்கு மறுபடி நீண்டது. இரண்டு மணி வரை நீண்டுகொண்டே போயிற்று.

வளைந்து போன புள்ளிகளைக் குச்சியிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி அளந்தாள். சட்டைக் கழுத்தில் நூலளவு பிசகினால் அடியில் விரலளவு கோணும். இங்கே முப்பத்தாறு அடிச் சுவர். குச்சியிலிருந்து இரண்டு கோடுகளையும் நீட்டி, நடந்து அளந்தாள். சுவரின் கடைசி மூலை ஒன்பது அடி தள்ளி நிற்க வேண்டியிருந்தது. வீடு கிடங்கின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டாள். அவள் எல்லா அளவையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“அக்கா, கடிகாரம் நாடு முழுக்கப் பொது. சூரியன் ஊருக்கு ஊர் தனி. உங்க ஊர் மேற்கு ஓரத்துல இருக்கு. அதனால உங்களுக்கு உச்சி முக்கால் மணி கழிச்சுத்தான் வரும். நான் அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்.”

“இப்படியே கட்டினா என்ன ஆகும்?”

“மோசம் போயிடாது. சூடு நூத்துல பத்துப் பங்கு குறையலாம். ரொம்பக் குளிர்ற பதினஞ்சு இருபது நாளுக்கு ஏதாவது மூட்ட வேண்டியிருக்கும். பல பேர் அப்படித்தான் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க.”

பதினைந்து இருபது நாள். மகளுக்கு மிக மோசமாக இழுப்பதும் சரியாக அந்தப் பதினைந்து இருபது நாள்தான்.

சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊரார் ஒவ்வொருவரையும் நிமிடக் கணக்கில் பிடித்தவர். அவர் பிசகினார் என்று தெரிந்தால் டிப்போ அவரைக் கிழித்து நாராக்கித் தொங்கப்போடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. லாரி வரும், கான்கிரீட் விழும், அவ்வளவுதான். ஐந்து மணி வரை இதையே தையலும் பிரித்தலுமாக மனதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்டார். “என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? கம்பியை யாராவது தூக்கிட்டுப் போயிட்டானா?”

“கம்பியெல்லாம் இருக்குங்க. நீங்க இங்க வந்து இதைப் பாருங்க.”

பலகையின் முன்னால் அவர் குந்தினார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். சூரியன் மேற்கே கொத்தனார் கொட்டகைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. குச்சியின் நிழல் பலகையைத் தாண்டி எங்கேயோ நீண்டு கிடந்தது. இனி நாளை நண்பகல் வரைக்கும் சோதித்துப் பார்க்க வழியில்லை. லாரியோ காலை எட்டு மணிக்கு.

“பன்னெண்டுக்கு நான் போட்ட கோடு சரியா இருந்துச்சா?” என்றார்.

“முடி இழை பிசகலை. கோடு சரி. மணிதான் சரியில்ல.”

அவர் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார். அவள் எழுதியிருந்த நேரங்களை முணுமுணுத்துப் படித்தார். எழுதி வைத்த நேரத்தைப் படிப்பது அவர் தொழில். யார் உண்மையாக எழுதியது, யார் குத்துமதிப்பாக எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

“நாப்பத்தெட்டை எத்தனை தடவை அளந்த?”

“மூணு தடவை.”

“துணிக்கு ரெண்டு தடவைதானே அளப்ப.”

“இது வீடாச்சே.”

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். பள்ளத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். கிடங்குச் சுவரைப் பார்த்தார். வாட்சைக் கழற்றி வீசுவாரோ, தன் மேல் பாய்வாரோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவர் கைப்பேசியை எடுத்துக் கான்கிரீட் கம்பெனிக்கு அடித்தார்.

“நாளைக்கு லாரி வேண்டாம்... இல்ல, பணப் பிரச்சினை இல்ல. பள்ளம் தப்பாத் தோண்டியிருக்கோம்... யாரா? நான்தான். நான்தான் தப்பாக் குறிச்சேன்... என்னது, ரெண்டு வாரம் கழிச்சா? சரி, ரெண்டு வாரம் கழிச்சு.”

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “நாளைக்கு உச்சியில நீங்க ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணியிருக்கலாமேங்க. என் சாக்கட்டியை நம்பி...”

“நாளைக்குப் பார்க்கத்தான் போறேன். ஆனா லாரி அதுக்கு முன்னாடி வந்துடும்ல” என்றார். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் திடீரென்று நின்றார். “அப்படின்னா இருபத்திரண்டு வருஷமா என் பஸ்ஸெல்லாம் நாப்பத்தெட்டு நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டிருக்கு! ஒரு பயலும் லேட் இல்ல!”

அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சைக்கிள் மணி தானாக அதிர்கிற அளவுக்குச் சிரித்தார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பத்தே முக்காலிலிருந்து இரண்டு வரை பலகையின் முன்னால் உட்கார்ந்தார். நிழல் அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன நிமிடத்தில் திரும்பியது. அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போய்த் தாமதப் பதிவேட்டைத் திறந்தார். தன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் நாற்பத்தெட்டு நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் ‘சூரியனைக் கேட்கவில்லை’ என்று எழுதிவிட்டு, ரெண்டு நிமிஷத்தைக் கூப்பிட்டு அவனிடமே படிக்கக் கொடுத்தார்.

அவன் சத்தம் போட்டுப் படித்தான். சிரிப்பில் டிப்போவின் கூரை பிய்ந்தது. ஒரு வாரத்துக்கு அவர் போகிற இடமெல்லாம் “சார், உங்க வாட்சுல மணி என்ன, சூரியன் வாட்சுல என்ன?” என்று கேட்டார்கள். அவரும் சளைக்காமல் இரண்டையும் சொன்னார்.

தோண்டுகிற எந்திரம் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பும் என்று தெரிந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கொத்தனாரும் அவர் ஆட்கள் இருவரும் கையால் தோண்ட ஆரம்பித்தார்கள். டைம்கீப்பர் பணி முடிந்து வந்து இருட்டும் வரை தோண்டினார். மண்வெட்டிப் பழக்கம் இல்லாத கை. மூன்றாம் நாளே கொப்புளம். தையல்காரி பழைய பள்ளத்தில் மண் தள்ளி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. ரெண்டு நிமிஷம் இறங்கினான். பின்னால் பதின்மூன்று பேர், டிரைவரும் கண்டக்டருமாக, ஆளுக்கொரு மண்வெட்டியோடு.

“யாரைக் கேட்டு வந்தீங்க?” என்றார் டைம்கீப்பர்.

“யாரைக் கேட்கணும் அண்ணே? எங்க வாழ்நாள்ல நீங்க தப்புப் பண்ணி ஒரு தடவைதான் பார்த்திருக்கோம். அதைப் பக்கத்துல நின்னு பார்க்க வேண்டாமா?” என்றான் ரெண்டு நிமிஷம். டிப்போவில் சார் என்று கூப்பிடுகிறவன், அன்றுதான் முதல் முறையாக அண்ணே என்றான். பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினான். “அண்ணி, கோடு நீங்க போட்டதுதானே? அவர் வாட்சை நம்பித் தோண்ட எங்களால ஆகாது.”

“நான் போட்டதுதான் தம்பி. தைரியமா வெட்டுங்க.”

“ஆங், அப்ப சரி.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோண்டினார்கள். வாய் ஓயாமல் கேலி செய்துகொண்டே தோண்டினார்கள். கொத்தனார் வேறு, “நான் அன்னிக்கே போனைக் காட்டினேன்ல” என்று மணிக்கு ஒரு தரம் நினைவூட்டினார். டைம்கீப்பர் ஒவ்வொரு முறையும் “காட்டினீங்க, நான்தான் கேக்கலை” என்று பதில் சொன்னார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. தப்புப் பண்ணியவர்கள் குனிந்து போவதைத்தான் தையல்காரி அதுவரை பார்த்திருந்தாள். இவர் நிமிர்ந்து நின்று, அந்தத் தப்பைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவள் அவரைப் புதிதாகப் பார்த்தாள்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே குடி போனார்கள். கண்ணாடிக்குள் வந்த வெயில், வருடத்திலேயே சிறிய பகலன்று, கருங்கல் தரை முழுவதையும் தாண்டி, கடைசிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. படத்தில் இன்ஜினியர் பெண் போட்டிருந்த கோடும் அதே உயரம்தான். விடியற்காலையில் வெளியே தொட்டித் தண்ணீர் உறைந்து கிடக்க, உள்ளே சுவரில் மாட்டிய வெப்பமானி பத்தொன்பது டிகிரி காட்டியது. ஒரு குச்சி எரிக்கவில்லை. மகள் வெறுங்காலோடு தரையில் நடந்து, நின்று, மறுபடி நடந்தாள். “அம்மா, தரைக்குக் காய்ச்சல்மா” என்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் தலையணையைத் தாழ்த்திப் படுத்துத் தூங்கினாள்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டைம்கீப்பர் யாரையும் முதலில் உள்ளே கூட்டிப் போக மாட்டார். வெளியே நிறுத்தி, “முதல்ல நான் இந்த வீட்டைத் தப்பாக் குறிச்சேன், இவ திருத்தினா” என்றுதான் தொடங்குவார். அந்தக் கதை முடிந்த பிறகுதான் கண்ணாடி, தரை, கூரை எல்லாம்.

நான்கு குளிர்காலம் அந்த வீட்டில் இருந்தார். ஐந்தாவதற்கு முந்தின மாதம், பட்டப்பகலில், டிப்போ நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ரெண்டு நிமிஷம்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினான். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தின் நடுவில், இன்ஜினியர் பெண் சொல்லி அனுப்பினாள் என்று ஒரு ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் மனையில் முளை அடிக்கப்போகிறார்களாம். ரெண்டு நிமிஷம் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய வந்து, முடித்துவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். தையல்காரி அவர்களை நேராக உள்ளே அழைத்துப் போனாள். கண்ணாடியைக் காட்டினாள். தரையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். கூரை விளிம்பைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னாள்.

“அண்ணி, அண்ணன் தொடங்குற இடத்துல நீங்க தொடங்கலையே” என்றான் அவன்.

அவளுக்கும் தெரியும். இருந்தவரை அவர் சொல்லிக்கொண்டது வேறு. போன மனிதரின் தப்பை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது? கேட்காதவள் போல ஜன்னல் துணியை நகர்த்தினாள்.

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கேட்டாள். “அதெல்லாம் சரிக்கா, தெற்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இவர் பன்னெண்டு மணிக்கு ஒரு குச்சி நட்டா போதும்ங்கிறார்.”

தையல்காரி அந்த ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தாள். நல்ல உறுதியான முகம். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி என்கிற முகம்.

“கொஞ்சம் வெளிய வாங்க, தம்பி” என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், டைம்கீப்பர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். “முதல்ல என் வீட்டுக்காரர் இந்த வீட்டைத் தப்பாக் குறிச்சார்” என்று தொடங்கினாள். அவள் விட்டதை ரெண்டு நிமிஷம் இட்டு நிரப்பினான். கொத்தனாரின் போன், சிவப்பு மை, வேனில் வந்த பதின்மூன்று பேர் என்று கதை போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன மனிதர் திடீரென்று நின்று பஸ்ஸைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டதால், உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு வாசலுக்கே வந்து பார்த்தாள்.

ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொள்ளத் தயாரானார்.

“பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்னு சொன்னீங்க, இல்லையாக்கா?”